இங்கிலாந்தில் வாடகைத் தாமதக் கட்டண வரம்பு

குடியிருப்பு வீட்டின் வாடகையைத் தவணை தவறிச் செலுத்துபவரிடம் வீட்டு உரிமையாளரோ அவருடைய முகவரோ கூடுதலாக எவ்வளவு வசூலிக்கலாம் என்பதற்கு இங்கிலாந்துச் சட்டம் விதித்துள்ள உச்சவரம்பு. 2019-ஆம் ஆண்டின் வாடகைதாரர் கட்டணச் சட்டம் இதை நிர்ணயித்தது.

அதற்கு முன் இப்படி ஒரு கணக்கு கிடையாது. இருந்தது பொதுவான ஒப்பந்தச் சட்டம் மட்டுமே. ஒப்பந்தத்தை மீறியவர் தர வேண்டிய தொகை, உண்மையான இழப்பை முன்கூட்டி மதிப்பிட்டதாக இருக்க வேண்டும் என்பதே 2015 வரை அளவுகோல். மிரட்டி வைப்பதற்காகக் குறித்த அபராதம் என்றால் நீதிமன்றம் அதை வசூலித்துத் தராது என்பதை 1914-இல் டன்லப் டயர் வழக்கு உறுதிப்படுத்தியது. 1990-களிலிருந்து நுகர்வோர் ஒப்பந்தங்களின் நியாயமற்ற நிபந்தனைகளுக்கு எதிரான விதிகளும் துணைக்கு வந்தன.

இவற்றால் வாடகைதாரருக்குக் கிடைத்த பயன் சொற்பம். நினைவூட்டுக் கடிதத்துக்கு ஒரு தொகை, தொலைபேசி அழைப்புக்கு இன்னொன்று என முகவர்கள் பட்டியல் போட்டபோது, சில பவுண்டுகளுக்காக, குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர்மீதே யார் வழக்குத் தொடுப்பார்? கட்டணம் நியாயமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் பலவீனமானவர் தலையில்தான் விழுந்தது.

2016 நவம்பரில் நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட், வாடகைதாரர்களிடம் முகவர்கள் கட்டணம் வசூலிப்பதற்குத் தடை வரும் என்று அறிவித்தார். ஆனால் மசோதாவின் தொடக்க வடிவம், ஒப்பந்தத்தை மீறியதற்கான கட்டணங்களைப் பரவலாக அனுமதித்தது. முன்வாசலில் மூடிய வசூல் பின்வாசல் வழியே நுழையும் என்ற எதிர்ப்பு வலுத்தது. இறுதியில் அனுமதி இரண்டே தவறுகளுக்குச் சுருங்கியது: வாடகைத் தாமதம், சாவியைத் தொலைத்தல். சட்டத்தின் வலிமையே இந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரி 12-இல் அரச ஒப்புதல் கிடைத்தது. புதிய குடித்தனங்களுக்கு 2019 ஜூன் 1 முதலும், பழையவற்றுக்கு ஓராண்டு கழித்தும் அமலானது.

வாடகை நிலுவை 14 நாள் நீடித்த பிறகே எதையும் கேட்க முடியும்; ஒப்பந்தத்திலும் அதற்கு இடம் இருக்க வேண்டும். கேட்கக்கூடியது வட்டி மட்டுமே: இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் ஆண்டுக்கு 3 சதவீதம். 900 பவுண்டு வாடகை 30 நாள் தாமதமானதாகக் கொள்வோம். அடிப்படை விகிதம் 0.1 சதவீதமாக இருந்த 2020-இன் பிற்பகுதியில் வட்டி சுமார் 2.29 பவுண்டு, அது 5.25 சதவீதத்தை எட்டிய 2023-இன் பிற்பகுதியில் சுமார் 6.10 பவுண்டு. தாமதத்தின் விலை பணத்தின் வட்டிதான், அதற்கு மேல் வருமானம் பார்க்க இடமில்லை என்ற நிலைப்பாடு இது; சரியான நிலைப்பாடும்கூட.

வரம்பை மீறி வாங்கினால் உள்ளூராட்சி அமைப்பு 5,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். ஐந்தாண்டுக்குள் மீண்டும் மீறினால் அது குற்றம். வழக்குக்குப் பதிலாக விதிக்கும் அபராதமே 30,000 பவுண்டு வரை போகலாம். வாடகைதாரர் தனியாக நீதிமன்றப் படியேற வேண்டிய கட்டாயம் இதனால் குறைந்தது. நிலுவை வாடகையோ அப்படியே கடனாக நிற்கும். அதற்காக வீட்டைக் காலி செய்யக் கோரும் உரிமையில் இந்தச் சட்டம் கைவைக்கவில்லை.

வேல்ஸ் 2019-இல் தனிச்சட்டம் இயற்றியது. அங்கு 2020 முதல் அதே 3 சதவீதக் கணக்குதான். பொறுக்க வேண்டிய காலம் மட்டும் ஏழு நாள்.