திரை மினுங்கினால் பழி யாருக்கு?

விண்டோஸ் அப்டேட் முடிந்து கணினி மறுபடி இயங்கியதும் திரை மினுங்கத் தொடங்கினால், பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது மானிட்டரைத்தான். ஒரு காலத்தில் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது. படக்குழாய் மானிட்டரில் எலெக்ட்ரான் கற்றை, பாஸ்பர் பூசிய கண்ணாடியில் வரிவரியாகப் படம் வரையும். கற்றை நகர்ந்ததும் அந்த இடத்தின் ஒளி மங்கிவிடும். அடுத்த சுற்று தாமதமானால் கண்ணுக்கு அது தெரிந்துவிடும். 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ., 640 × 480 புள்ளிகள் கொண்ட படத்தை நொடிக்கு 60 முறை வரைந்தது. அதே ஆண்டு வந்த 8514/ஏ கார்டு 1024 × 768 புள்ளிகளைக் காட்டியது. ஆனால் ஒற்றைப்படை வரிகளை ஒரு சுற்றிலும் இரட்டைப்படை வரிகளை அடுத்த சுற்றிலும் வரைந்ததால், முழுப் படம் நொடிக்குச் சுமார் 43 முறைதான் பூர்த்தியானது. மெல்லிய கிடைக்கோடுகள் கண்ணெதிரே நடுங்கின. பின்னர் வெசா அமைப்பு 72, 75, 85 ஹெர்ட்ஸ் என்று தர அளவுகளை வகுத்தது. மானிட்டர்களும் அந்த வேகத்தை எட்டின. நடுக்கம் அடங்கியது.

எல்.சி.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த கட்டளை வரும்வரை தன் நிலையிலேயே நிற்கும். பழைய காரணம் அதோடு போயிற்று, மினுங்கல் போகவில்லை. இப்போது அதன் முக்கியக் காரணம், திரைக்கு என்ன காட்ட வேண்டும் என்று சொல்லும் டிரைவர் மென்பொருளில் இருக்கிறது. 1996இல் விண்டோஸ் என்.டி. 4.0, வேகம் கருதி கிராபிக்ஸ் டிரைவரை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் கொண்டுசென்றது. அங்கே டிரைவரில் பிழை நேர்ந்தால் கணினி முழுவதும் நின்றுபோகும். 2007 ஜனவரியில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, டிரைவரின் பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியே எடுத்தது. கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் டிரைவரை மட்டும் மீட்டெழுப்பும் ஏற்பாட்டையும் சேர்த்தது. திரை ஒரு கணம் கறுத்து மீள்வது பல சமயம் இதனால்தான். 2015இல் வந்த விண்டோஸ் 10, டிரைவர்களையும் அப்டேட்டோடு தானாகவே இறக்கியது. ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிரைவரை அப்டேட்டே மாற்றிவிடக்கூடும்.

கேபிள் தளர்ந்தாலும் பின்னொளி பழுதானாலும் திரை மினுங்காதா என்று கேட்கலாம். மினுங்கும், அப்டேட்டும் பழுதும் ஒரே நாளில் நேர்வதும் உண்டு. ஆனால் இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில் விண்டோஸ் டிரைவர் இயங்காது. அங்கேயும் மினுங்கினால் வன்பொருளைப் பாருங்கள். அங்கே அமைதியாக இருந்து விண்டோஸுக்குள் மட்டும் மினுங்கினால், மைக்ரோசாஃப்ட் சொல்லும் சோதனையைச் செய்யலாம்: டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். அதுவும் சேர்ந்து மினுங்கினால் டிரைவர் மீதும், அது அசையாமல் நிற்க மற்றவை மினுங்கினால் ஏதோ ஒரு செயலி மீதும் சந்தேகம் விழும். டிரைவர்தான் என்றால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்பும் வசதி 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலிருந்தே இருக்கிறது.

அப்படியானால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்பார்கள். அந்த யோசனையை ஏற்க முடியாது. 2017 மார்ச்சில் வெளியான பாதுகாப்பு அப்டேட்டைப் போடாத கணினிகளைத்தான் மே மாதம் வன்னாக்ரை என்ற தீநிரல் வளைத்துப் பிடித்தது. மினுங்கலுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது டிரைவரை மட்டுமே. புது மானிட்டருக்குப் பணம் கட்டும் முன் இந்த இரண்டு சோதனைகளையும் செய்து பாருங்கள்.