மட்டக்களப்புத் தேவாலயங்களில் ஐரோப்பியக் கலையின் தடங்கள்

புளியந்தீவில் வாவிக் கரையில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதம், அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. ஒல்லாந்தர் சீர்திருத்தத் திருச்சபையினர். சுரூபங்களையும் படங்களையும் வழிபாட்டில் ஏற்காதவர்கள். தாம் ஆண்ட பகுதிகளில் கத்தோலிக்க வழிபாட்டையும் தடைசெய்தார்கள். ஆகவே கோவாவில் உள்ளவை போன்ற, தங்கப் பூச்சு மின்னும் 17ஆம் நூற்றாண்டு பரோக் பீடங்களை மட்டக்களப்பில் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் அந்தக் கலையின் உருவங்கள் வேறு வழியில் வந்து சேர்ந்தன. தடை நீங்கிய பிரித்தானியர் காலத்தில் ஐரோப்பியக் குருக்களோடு சுரூபங்களும் அச்சுப் படங்களும் இலங்கைக்கு வந்தன. நம் வீடுகளில் தொங்கும் இராப்போசனப் படம் லியொனார்டோ டா வின்சி 1498 அளவில் மிலான் நகரில் வரைந்து முடித்த சுவரோவியத்தின் வழிவந்தது. மகனின் உடலை மடியில் ஏந்திய வியாகுல மாதாவின் உருவங்களில் பல, மைக்கலாஞ்சலோ 1499 அளவில் செதுக்கிய சிலையைப் பின்பற்றியவை.

மட்டக்களப்பில் புனித செபஸ்தியாருக்கும் ஆலயம் உண்டு. அம்புகள் தைத்த இளைஞனாக அவரைக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியவர்கள் மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள். கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் அவரிடமே காவல் தேடினார்கள். 17ஆம் நூற்றாண்டின் பரோக் ஓவியர்களில் பலர் இன்னொரு காட்சிக்குத் திரும்பினார்கள்: இறந்துவிட்டார் என்று விடப்பட்டவரின் உடலிலிருந்து அம்புகளைப் பிடுங்கி, காயத்துக்கு மருந்திடும் ஐரீன் என்ற பெண். பிரான்ஸ் ஓவியர் ஜோர்ஜ் டி லா டூர் அவளை விளக்கொளியில் வரைந்தார். காயப்பட்டவர்களைத் தூக்கிப் பராமரித்த நம் பெண்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

ஆயித்தியமலைக்குக் கால்நடையாகச் செல்வோர் வணங்கும் சதா சகாய மாதாவின் மூலப்படம் ரோமில் இருக்கிறது. அது கிரேக்கத்தின் கிரேத்தாத் தீவு மரபில் வரையப்பட்டது. சிலுவையைக் கண்டு அஞ்சிய குழந்தை தாயின் கையைப் பற்றிக்கொள்கிறது. காலிலிருந்து செருப்பு ஒன்று கழன்று தொங்குகிறது.

புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள் நம்மில் பலர் வேறொரு நினைவோடுதான் நுழைகிறோம். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், இங்கேதான் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். பீடத்தையும் சுரூபங்களையும் பார்க்கும் கண் அந்த இடத்தையும் பார்க்கிறது.

போரும் 2004 ஆழிப்பேரலையும் கரையோரக் குடும்பங்களின் பழைய படங்களையும் பதிவுகளையும் கொண்டுபோய்விட்டன. எஞ்சியவற்றைக் காக்கப் பெரிய நிதி தேவையில்லை. அடுத்த முறை ஆலயத்துக்குப் போகும்போது சுரூபத்தின் அடியில் பொறித்த பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி பெற்றுப் படமெடுங்கள். யார் கொடுத்தது, எப்போது வந்தது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்களும் போய்விட்டால் கேட்பதற்கு ஆளிருக்காது.