காசு வாங்கிக் கொண்டு கடைக்குப் போகிறவர்கள்

1905ம் வருடம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச்சுவடிக் கட்டை மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். நூலகராக இருந்த ஷாமசாஸ்திரி அதைப் பிரித்துப் படித்தபோதுதான் பல நூற்றாண்டுகளாகப் பெயர் மட்டுமே தெரிந்திருந்த அர்த்தசாஸ்திரம் கையில் கிடைத்தது என்று தெரிந்தது. 1909ல் அச்சில் வந்தது. 1915ல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

அதில் சுங்கச்சாவடி பற்றிய பகுதியில் ஒரு சின்ன வேடிக்கை இருக்கிறது. வண்டி கட்டிக்கொண்டு வரும் வணிகர் கூட்டத்தோடு, வணிகர் வேஷத்தில் அரசனின் ஒற்றன் ஒருவனும் வருவான். யாரிடம் என்ன சரக்கு, எவ்வளவு, என்ன தரம் என்று முன்கூட்டியே அரசனுக்குச் செய்தி போய்விடும். அரசன் அதைச் சுங்க அதிகாரிக்குச் சொல்வான். வணிகர்கள் சாவடிக்கு வந்ததும் அதிகாரி, "இன்னாரிடம் இன்ன சரக்கு இவ்வளவு இருக்கிறது, மறைக்க முடியாது, எல்லாம் அறிந்த அரசனின் சக்தி இது" என்பார். பாவம், வணிகர்கள் அரசனுக்கு ஞானதிருஷ்டி இருப்பதாக நம்பிவிடுவார்கள்! பக்கத்தில் சேர்ந்து நடந்து வந்தவன்தான் காட்டிக்கொடுத்தவன் என்று யாருக்கும் தோன்றாது.

இன்றைக்கு மிஸ்டரி ஷாப்பர் என்று சொல்கிற வேலையின் கரு இதுதான். வாடிக்கையாளர் மாதிரியே கடைக்குள் போக வேண்டும், வாங்க வேண்டும், வெளியே வந்து நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியக் கூடாது. திருக்குறளிலும் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே (59வது) இருக்கிறது. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பலாம் என்பது வள்ளுவர் கட்சி. இன்றைய கம்பெனிகளும் ஒரே கிளைக்கு வேறு வேறு ஆட்களைப் பல தடவை அனுப்புகின்றன. காரணம் அதே சந்தேகம்தான்.

வேஷம் போடுவது அரசாங்க வேலையாக இருந்தது சரி. அது தனியார் பிழைப்பாக மாறியது அமெரிக்காவில், ரயிலில். 1850களில் அங்கே பல பயணிகள் ரயிலிலேயே கண்டக்டரிடம் காசு கொடுத்துப் போனார்கள். வாங்கிய காசு எல்லாம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று முதலாளிகளுக்குச் சந்தேகம். சிகாகோவில் இருந்த ஆலன் பிங்கர்ட்டன் (ஸ்காட்லாந்தில் பீப்பாய் செய்யும் தொழிலாளியாக இருந்து துப்பறிவாளர் ஆனவர்) சாதாரணப் பயணிகள் போல ஆட்களை ஏற்றினார். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் காசு கொடுத்தார்கள் என்று அவர்கள் மனதுக்குள் எண்ணிக்கொண்டு வருவார்கள். 1855ல் ஆஸ்கர் கால்டுவெல் என்ற கண்டக்டர் இப்படி மாட்டித் தண்டனை பெற்றார். இந்த வேலைக்கு பிங்கர்ட்டன் வைத்த பெயர் 'டெஸ்டிங்'.

தொழிலாளர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெற்றுப் பேச்சு பேசுகிறவர் கூலிக்கு வந்த உளவாளியாக இருக்கலாம் என்றால் யாரிடம் மனம் விட்டுப் பேசுவது? அதே பிங்கர்ட்டன் கம்பெனி பிறகு தொழிற்சங்கங்களுக்குள் ஆள் நுழைக்கும் கம்பெனியாகவும் ஆனது. 1892 ஜூலையில் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் அவர்களின் ஆட்களுக்கும் தொழிலாளர்களுக்கும் நடந்த மோதலில் இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. மிஸ்டரி ஷாப்பிங் பற்றிப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

1940களில் வில்மார்க் என்ற அமெரிக்க நிறுவனம்தான் 'மிஸ்டரி ஷாப்பிங்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது என்பார்கள். ஆரம்பத்தில் பார்த்தது கல்லாவில் கை வைக்கிறார்களா என்பதைத்தான். மெல்ல மெல்ல, சிரித்தார்களா, வணக்கம் சொன்னார்களா, கழிப்பறை சுத்தமா என்று கேள்வித்தாள் நீண்டது. 1998ல் இந்தக் கம்பெனிகளுக்கு என்று அமெரிக்காவில் தனிச் சங்கமே வந்துவிட்டது.

இந்தியாவில் 1991க்குப் பிறகு, சங்கிலித்தொடர் கடைகளும் பர்கர் கடைகளும் பெருகியதும் இந்த வேலையும் கூடவே வந்தது. அண்ணாச்சி கடையில் இதற்கு வேலையே இல்லை. முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது வேஷம் போட்டு யாரைப் பார்ப்பது? முதலாளி மும்பையிலும் கடை சென்னையிலும் இருந்தால்தான் நடுவில் ஒரு கண் தேவைப்படுகிறது.

இப்போது மூலக்கொத்தளத்துக்கு வருவோம். பெயரைப் பாருங்கள். 18ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் கருப்பர் நகரத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் மூலைக் கொத்தளம், அதாவது மூலையில் நின்று காவல் பார்க்கும் இடம். மதிலுக்காக மக்களிடம் வரி போட நினைத்ததன் ஞாபகம்தான் வால்டாக்ஸ் ரோடு. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு 1939ல் இறந்த நடராசனும் தாளமுத்துவும் அடக்கமாகியிருப்பதும் இங்கேதான். பேசின் பிரிட்ஜ், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, கொஞ்சம் தள்ளி ராயபுரம், காசிமேடு... லாரியும் சுமையும் மீனும் எண்ணெயுமாக இருக்கும் பகுதி. இங்கே காலேஜ் படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ 'ஷாப்பிங் செய்யுங்கள், சம்பாதியுங்கள்' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் கண் விரியத்தான் செய்யும்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் ஒரு தடவை போய் வருவதற்குச் சில நூறு ரூபாய்தான் கட்டணம். 300 என்றே வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஆறு வேலை கிடைத்தால் (கிடைத்தால்!) 1,800 ரூபாய். வேலை பெரும்பாலும் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாதிரி மால்களில்தான் இருக்கும், மூலக்கொத்தளம் பக்கத்தில் இருக்காது. போக வர 60 ரூபாய் என்றால் ஆறுக்கு 360. மீதி 1,440. போக வர இரண்டு மணி நேரம், கடைக்குள் முக்கால் மணி, வீட்டுக்கு வந்து அறிக்கை எழுத ஒரு மணிக்கு மேல். ஆக ஒரு வேலைக்கு நாலு மணி நேரம், ஆறுக்கு 24 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய்! சாப்பாட்டுக்கு 250 வரை தருவோம் என்று சொல்லியிருக்கும்போது நண்பனையும் கூட்டிக்கொண்டு போய் 400க்குச் சாப்பிட்டால் மீதி 150 சொந்தக் காசு. பணமும் உடனே வராது. பில்லை முதலில் கைக்காசில் கட்ட வேண்டும், அறிக்கை சரியென்று ஏற்றுக்கொண்டு பணம் வர ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம்.

ஆகவே இது பாக்கெட் மணி. வீட்டு வாடகை கட்டும் வேலை இல்லை. இப்படித் தெரிந்துகொண்டு சேர்ந்தால் ஏமாற்றம் இல்லை, கொஞ்சம் சுவாரசியமும் உண்டு. கடைக்காரர் சட்டையில் மாட்டியிருக்கும் பெயரை ஞாபகம் வைக்க வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருந்தோம் என்று செல்போனில் மெசேஜ் பார்ப்பது போல மணி பார்க்க வேண்டும், கேட்கச் சொன்ன கேள்வியை இயல்பாகக் கேட்க வேண்டும், பில்லைத் தொலைக்கக் கூடாது. "நன்றாக இருந்தது" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எது, எப்போது, யார் என்று எழுத வேண்டும். தமிழ் இரண்டாம் தாளில் கட்டுரை எழுதியவர்களுக்குச் சுலபம்தான் :-)

ஆனால் சேருவதற்கே பணம் கேட்டால்? அங்கேதான் வரலாறு கசக்கிறது.

2010ல் ஸ்பீக் ஏசியா என்று ஒரு சிங்கப்பூர் கம்பெனி இந்தியாவுக்குள் வந்தது. மிஸ்டரி ஷாப்பிங்குக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். கடைக்குக்கூடப் போக வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து கருத்துக்கணிப்புக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். 11,000 ரூபாய் கட்டி ஒரு மின்னிதழுக்குச் சந்தா சேர வேண்டும். வாரம் இரண்டு கணிப்பு, ஒவ்வொன்றுக்கும் 500. வருடத்துக்கு 52,000! ஆள் சேர்த்துவிட்டால் அதற்குத் தனிக் காசு. ஊர் ஊராக லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். 2011 மே மாதம் செய்திச் சேனல்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தன, வாடிக்கையாளர்கள் என்று சொல்லப்பட்ட பெரிய கம்பெனிகள் "எங்களுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்றன, பட்டுவாடா நின்றது, போலீஸ் வழக்கு வந்தது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். வேலைக்குக் கூலி தருகிறவன் என்னிடம் எதற்கு 11,000 கேட்கிறான்? கருத்தை விலைக்கு வாங்க ஆளே இல்லையென்றால் கூலி எங்கிருந்து வருகிறது? அடுத்து சேருகிறவனின் 11,000லிருந்துதானே!

இப்படி ஆள் பிடித்துப் பணம் சுழற்றுவதைத் தடுக்க 1978லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஆனாலும் வேஷம் மாறிக்கொண்டே இருக்கிறது. இப்போது செல்போனில் 'ஹோட்டலுக்கு ஸ்டார் போடுங்கள், வீடியோவுக்கு லைக் போடுங்கள், தினமும் காசு' என்று செய்தி வருகிறது. முதலில் 150, 200 நிஜமாகவே கைக்கு வரும். பிறகு 'பெரிய டாஸ்க்குக்கு டெபாசிட்' என்பார்கள். 2023 டிசம்பரில் இந்த ரக வேலைமோசடி செய்த 100க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. பணம் போனவர்கள் 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார்களோ அவ்வளவு நல்லது.

காசுக்காக இல்லாமல் கடையைச் சோதிக்கும் உரிமையும் நம்மிடம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1954ம் வருட உணவுக் கலப்படத் தடைச் சட்டத்திலேயே, சாதாரண ஜனங்களில் யார் வேண்டுமானாலும் வாங்கிய உணவைக் கட்டணம் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று இருந்தது. கலப்படம் என்று தெரிந்தால் கட்டிய கட்டணம் திரும்ப வரும். ஆனால் ஒரு நிபந்தனை. சோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டுமாம்! அதை மாற்றி வந்த 2006ம் வருடச் சட்டமும் இந்த நிபந்தனையை விடவில்லை. இதில் மிஸ்டரி எங்கே இருக்கிறது? தனியார் கம்பெனிக்கு வேஷம் போடலாம், சொந்த வயிற்றுக்காகப் போடக் கூடாது போலும். பெட்ரோல் பங்கிலும் அப்படித்தான். ஐந்து லிட்டர் அளவையைக் கொண்டுவா என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், வெளிப்படையாகத்தான் கேட்க வேண்டும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளிலிருந்து லாரிகள் கிளம்புவதை தினமும் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்?

சோதிக்கப் போவது விளையாட்டல்ல என்பதற்கு 2005 நவம்பர் 19 ஒன்று போதும். இந்தியன் ஆயில் கம்பெனியின் விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், வயது 27. உத்தரப்பிரதேசம் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட பெட்ரோலுக்காகச் சீல் வைக்கப்பட்ட ஒரு பங்க் மறுபடி திறந்ததும் திடீர்ச் சோதனைக்குப் போனார். சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

வேஷம் போட்டு ஊருக்கு நல்லது நடந்த இடமும் உண்டு. டெல்லியில் ஆராய்ச்சியாளர்கள் சிலருக்கு நோயாளி போல நடிக்கப் பயிற்சி கொடுத்து, காசநோய் அறிகுறிகளைச் சொல்லி டாக்டர்களிடம் அனுப்பினார்கள். மொத்தம் 250 சந்திப்புகள். சரியாகக் கையாண்டது 52ல் மட்டும், அதாவது நூற்றுக்கு 21. 2015ல் இது வெளியானது. எந்த டாக்டரின் பெயரையும் வெளியிடவில்லை. டாக்டர்களை நேரே உட்காரவைத்துக் கேள்வித்தாள் கொடுத்திருந்தால் இந்த எண் வந்திருக்காது.

கடையில் அப்படி இல்லை. அறிக்கையில் பெயர் இருக்கும். 'விற்பனைப் பெண் சிரிக்கவில்லை' என்ற ஒரு வரிக்கு யாரோ ஒருவரின் இன்சென்டிவ் குறையலாம். அந்தப் பெண் காலையில் வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மூலக்கொத்தளத்திலிருந்தோ பஸ் ஏறி வந்தவராக இருக்கலாம். அறிக்கை எழுதுகிறவர் அவருடைய பக்கத்துத் தெருக்காரராகவே இருக்கலாம். 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா வந்தது. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்பதுதான் அது, பிறகு சட்டமும் ஆனது. அதுவரை நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்தார்கள் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி. மிஸ்டரி ஷாப்பருக்குக் கொடுக்கும் கேள்வித்தாளில் 'ஊழியர் நிமிர்ந்து நின்றாரா' என்று இருந்தால் பதில் எழுதலாம். 'அவருக்கு உட்கார இடம் இருந்ததா' என்ற கேள்வி இருக்காது. அறிக்கையின் கடைசியில் 'பிற குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் எழுத யாரும் தடை சொல்லவில்லை.