பேராக் தோட்டங்களில் தீண்டாமை

தமிழகத்திலிருந்து, தோட்டங்களுக்கு ஆள்சேர்த்த கங்காணிகள் வழியே கடல் கடந்து வந்து, ஆதிதிராவிடர்க்குத் தனி லயம் (வரிசைக் குடியிருப்பு), உடனுண்ணாமை, கோயில் விலக்கு என மலாயாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களில் வேரூன்றிய சாதியாசாரமே இது. ரப்பர்ப் பால்வெட்டில் பல சாதியாரும் ஒருங்கே உழைத்தமையால் தீட்டென்னும் விதி வேலைக்காட்டில் தளர்ந்ததாயினும், விவாக சம்பந்தத்திலும் மாரியம்மன் திருவிழா உபயங்களிலும் நெடுங்காலம் பிடிவாதமாக நிலைத்தது.

1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய சுயமரியாதை இயக்கத் தலைவர் ஈ. வெ. ராமசாமி பேராக்கின் ஈப்போவிலும் பிரசாரம் செய்ததும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' சீர்திருத்தக் கருத்துகளைப் பரப்பியதும் சாதிக் கண்டனத்துக்கு வலுவூட்டின. 1938இல் தொழிலாளர் குடிபெயர்வுக்கு இந்திய அரசு விதித்த தடையால் கங்காணி ஆள்சேர்ப்பும் நின்றது. மலேசியாவின் 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 8ஆம் பிரிவில் வம்சம் பற்றிய பாகுபாட்டை விலக்குகின்றதேயன்றி, இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவைப் போலத் தீண்டாமையைப் பெயர் சுட்டி ஒழிக்கவில்லை.