லேபர் கேம்ப் தந்த பாவலர்

மும்பையில், தாராவியை அடுத்த மாட்டுங்கா லேபர் கேம்ப் நம்மவர் பலர் அறிந்த இடமாகும். தோல் பதனிட நெல்லைச் சீமையிலிருந்து சென்ற தமிழர் தாராவியில் பலவாகக் குடியேறினர். அவர்தம் அண்டை வீட்டாராய் அந்த லேபர் கேம்பில் வாழ்ந்தவர் அண்ணாபாவ் சாட்டே என்னும் மராட்டியப் பாவலர். 1920-இல் தாழ்த்தப்பட்ட மாங் குலத்திற் பிறந்த அவர் பள்ளிக் கல்வி பெற்றாரல்லர், ஆலையில் உழைத்தவர்.

1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் செங்கொடிக் கலைக்குழு ஒன்றை அவர் நிறுவினார். நாட்டுப்புறத் தமாஷாக் கூத்தினைத் தொழிலாளர் குறைகூறும் கருவியாக்கினார்.

ஐக்கிய மராட்டிய இயக்கக் காலத்தில் அவர் இயற்றிய பாடலொன்று, மனைவியை ஊரில் விட்டுப் பட்டணம் புகுந்த உழைப்பாளியின் ஏக்கத்தைக் கூறுவது. அவ்வேக்கத்தினுள்ளே, மாநிலத்தினின்று பிரிந்து நின்ற பெல்காமின் துயரையும் அவர் பொதிந்து வைத்தார். 1960 மே 1-இல் மராட்டிய மாநிலம் அமைந்தது. பெல்காமோ அதில் சேரவில்லை. பாட்டின் பிரிவு தீரவில்லை.

1958-இல் மும்பையில் கூடிய முதல் தலித் இலக்கிய மாநாட்டில், பூமியைத் தாங்குவது ஆதிசேடன் தலையன்று, தாழ்த்தப்பட்டோரும் உழைப்பாளருமே என்றுரைத்தார் அவர். 1969-இல் வறுமையிலேயே மறைந்தார். நெல்லையில் குடும்பத்தை விட்டுத் தாராவியில் உழைத்த தமிழனுக்கு அப்பாட்டின் பொருளை நாம் விளக்கவும் வேண்டுமோ?