பெங்களூருவில் சொத்து வரி: வீட்டு உரிமையாளர் கவனிக்க வேண்டியவை என்ன?

பெங்களூரு: மாடியை வாடகைக்கு விட்டு, கீழ்த்தளத்தில் குடும்பத்துடன் வசிப்போர் ஜீவனஹள்ளி போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளில் பலர் உள்ளனர். இத்தகைய வீட்டுக்கு எவ்வளவு சொத்து வரி என்பதை முதலில் கணக்கிட வேண்டியவர் மாநகராட்சி அதிகாரி அல்ல, வீட்டின் உரிமையாளரே. பெங்களூருவில் 2000ஆம் ஆண்டு முதல் சுயமதிப்பீட்டு முறை நடைமுறையில் உள்ளது. எனவே, விண்ணப்பத்தில் நேரும் பிழை பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அபராதமாகத் திரும்பி வரக்கூடும்.

வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

2008-09 நிதியாண்டில் அலகுப் பரப்பு மதிப்பு முறை அறிமுகம் செய்யப்பட்டது. இதன்படி, அரசின் வழிகாட்டி மதிப்பை அடிப்படையாகக் கொண்டு நகரின் தெருக்கள் ஏ முதல் எஃப் வரை 6 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டன. மண்டலம், கட்டட வகை ஆகியவற்றுக்கு ஏற்ப ஒரு சதுர அடிக்கு மாத மதிப்பு நிர்ணயிக்கப்படுகிறது. உரிமையாளரே வசிக்கும் பகுதிக்கான மதிப்பு, வாடகைக்கு விடப்பட்ட பகுதிக்கான மதிப்பில் பாதியாகும்.

கட்டடப் பரப்பை இந்த மதிப்பால் பெருக்கி, அதனை 10 மாதங்களுக்குக் கணக்கிட வேண்டும். அத்தொகையிலிருந்து கட்டடத்தின் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிக்கப்படும். எஞ்சிய தொகையில் 20 சதவீதம் குடியிருப்புக்கான சொத்து வரியாகும். அந்த வரியின் மீது 24 சதவீதம் செஸ் சேர்க்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

1,000 சதுர அடி வீடு, சொந்தக் குடியிருப்புக்கு 2 ரூபாய், வாடகைப் பகுதிக்கு 4 ரூபாய், தேய்மானம் 15 சதவீதம் எனக் கொள்வோம். வீடு முழுவதிலும் உரிமையாளரே வசித்தால் ஆண்டு மதிப்பு 20,000 ரூபாய். தேய்மானம் போக 17,000 ரூபாய். இதற்கு வரி 3,400 ரூபாய், செஸ் 816 ரூபாய், ஆக மொத்தம் 4,216 ரூபாய்.

அதே வீட்டில் 400 சதுர அடி வாடகைக்கு விடப்பட்டிருந்தால் மொத்தம் 5,902 ரூபாயாக உயரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,686 ரூபாய் வேறுபாடு. இதனைக் குறிப்பிடாமல் விட்டால், பின்னாளில் நிலுவையுடன் வட்டியும் அபராதமும் செலுத்த நேரிடலாம்.

இதுதவிர, 2025 ஏப்ரல் முதல் திடக்கழிவு மேலாண்மைக் கட்டணமும் சொத்து வரியுடன் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு மாதம் 10 ரூபாய், 1,000 சதுர அடி வரை 50 ரூபாய், 2,000 சதுர அடி வரை 100 ரூபாய் எனப் பரப்பைப் பொறுத்துக் கட்டணம் உயர்கிறது.

மண்டலப் பிழையால் வந்த நோட்டீஸ்

2016ஆம் ஆண்டு மண்டல வகைப்பாடு திருத்தப்பட்ட பின்னரும், பழைய மண்டலத்தின்படியே வரி செலுத்திய பல்லாயிரம் உரிமையாளர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்து நோட்டீஸ் அனுப்பப்பட்டது. தவறாமல் வரி செலுத்தி வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். எதிர்ப்பு எழுந்ததையடுத்து அரசு சலுகைகளை அறிவித்தது. நிலுவைதாரர்களுக்கான ஒருமுறை தீர்வுத் திட்டம் 2024 நவம்பர் 30 அன்று நிறைவடைந்தது குறிப்பிடத்தக்கது.

எந்தப் படிவம்?

கடந்த ஆண்டிலிருந்து மாற்றம் ஏதும் இல்லையெனில் 4ஆம் படிவம் போதுமானது. கூடுதல் தளம் கட்டியிருந்தாலோ, பயன்பாடு மாறியிருந்தாலோ, புதிதாக வாடகைக்கு விட்டிருந்தாலோ 5ஆம் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பழக்கத்தின் காரணமாக ஆண்டுதோறும் 4ஆம் படிவத்தையே தாக்கல் செய்வதால் பிழை நேரக்கூடும். நிதியாண்டு தொடங்கியவுடன் ஏப்ரல் மாதத்துக்குள் முழு வரியையும் செலுத்துவோருக்கு 5 சதவீதத் தள்ளுபடி வழங்கப்படுவது வழக்கம்.

ரசீது உரிமைச் சான்று ஆகுமா?

ஆகாது. சொத்து வரி ரசீதும், மாநகராட்சிப் பதிவேட்டுக் கணக்கான 'காத்தா'வும் வரி செலுத்தப் பொறுப்பானவர் யார் என்பதையே காட்டுகின்றன. கிரயப் பத்திரம் உள்ளிட்ட ஆவணங்களே உரிமையை நிலைநாட்டும். எனினும், 2024 அக்டோபர் முதல் பெங்களூருவில் சொத்துப் பதிவுக்கு இ-காத்தா கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதனைப் பெறச் சொத்து வரி விண்ணப்ப எண், கிரயப் பத்திரம், ஆதார், வில்லங்கச் சான்றிதழ் ஆகியவை தேவைப்படுகின்றன. மறைந்த பெற்றோர் பெயரிலேயே வரி செலுத்தி வருவோர், வீட்டை விற்கும் வேளையில் சிக்கலை எதிர்கொள்ளாமல் இருக்க, முன்கூட்டியே பெயர் மாற்றம் செய்துகொள்வது நல்லது.

மாநகராட்சியும் மாறியுள்ளது

2025 செப்டம்பரில் பெருநகர பெங்களூரு மாநகராட்சி 5 மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. எனவே தங்கள் தெரு எந்த மாநகராட்சியில் உள்ளது, எந்த மண்டலத்தில் சேர்க்கப்பட்டுள்ளது என்பதை உறுதிசெய்த பின்னரே உரிமையாளர்கள் வரி செலுத்த வேண்டும். ரசீதில் உள்ள பெயர், கட்டடப் பரப்பு, வாடகைப் பகுதி ஆகிய மூன்றையும் ஒருமுறை சரிபார்த்து, முந்தைய ஆண்டுகளின் ரசீதுகளையும் பாதுகாத்து வைப்பது அவசியம்.