கீரை பூத்தால் தோல்வியா? - ஒரு தண்டின் வரலாறு

வரலாறு என்றாலே ராஜாக்கள், போர்கள், ஒப்பந்தங்கள் மட்டும்தானா? இந்தக் கட்டுரையின் கதாநாயகன் ஒரு கீரைத்தண்டு.

விருதுநகர், சிவகாசி பக்கம் வீட்டுத் தோட்டத்தில் லெட்டூஸ் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். இலை அழகாக வரும். திடீரென்று நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பும். இலை கசக்க ஆரம்பித்துவிடும். ஆங்கிலத் தோட்டப் புத்தகங்களில் இதற்கு 'போல்ட்டிங்' என்று பெயர். நாம் "கீரை முத்திப் போச்சு, பூ விட்டுருச்சு" என்போம்.

ஏன் இப்படி? லெட்டூஸ் ஓராண்டுப் பயிர். பூத்து, விதை விட்டு முடிப்பதுதான் அதன் குறிக்கோள். இலை வெறும் ஆரம்பம். எப்போது பூக்க வேண்டும் என்று செடிக்கு யார் சொல்கிறார்கள்? அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1920-ல் இதற்கு ஒரு பதில் தந்தார்கள்: பகலின் நீளம். லெட்டூஸ் நீண்ட பகலில் பூக்கும் ரகம். ஆனால் விருதுநகரில் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 40 நிமிடம்தான். ஆக, இங்கே முக்கியக் குற்றவாளி பகல் அல்ல, வெயில்!

இதே வெயிலுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அந்தத் தொழில் சிவகாசியில் வேரூன்ற, மழை குறைந்த வறண்ட காற்று பெரிய உதவி. தீக்குச்சி காய வேண்டுமே! பின்னால் வந்த பட்டாசுக்கும் அதே காற்றுதான் துணை. தீக்குச்சிக்கு வரமாக இருந்த வானிலை லெட்டூஸுக்குச் சாபமாகிவிட்டது.

வெள்ளைக்காரர்கள் இதற்குக் கண்ட வழி, மலை ஏறுவது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்குப் போனார். 1820-களில் ஊட்டியில் வீடு கட்டி, ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட வைத்தார். செடியை மாற்ற முடியாதபோது இடத்தை மாற்றினார்கள்.

ஆனால் செடியையே மாற்றிய கதையும் உண்டு. பண்டைய எகிப்தின் சித்திரங்களில் லெட்டூஸ் உயரமாக, நேராக நிற்கும் செடி. 'மின்' என்ற வளமைக் கடவுளோடு சேர்த்து அதை வரைந்தார்கள். பிற்காலத்தில் ஐரோப்பியர்கள் தாமதமாகப் பூக்கும் செடிகளையே தேர்ந்தெடுத்து, முட்டைக்கோஸ் மாதிரி உருண்டை கட்டும் லெட்டூஸைக் கொண்டுவந்தார்கள். சீனர்கள் செய்ததோ நேர் எதிர்! தண்டு வருகிறதா, வரட்டும் என்று தடித்த தண்டுள்ள ரகத்தை வளர்த்து, தோலைச் சீவிச் சமைத்தார்கள். ஒரே செடி, ஒரே பிரச்சனை, இரண்டு பதில்கள்.

சரி, நாம் என்ன செய்தோம்? நம் பதில் நம்முடைய கீரைப் பெயர்களிலேயே இருக்கிறது. இளசாக, மூன்று, நான்கு வாரத்திலேயே வேரோடு பிடுங்கினால் முளைக்கீரை. விட்டு வளர்த்து, தண்டு திரண்டதும் அறுத்தால் தண்டுக்கீரை. பல இடங்களில் இந்த இரண்டும் ஒரே செடியின் இரண்டு வயதுகள்தான். அரைக்கீரை அதற்கு நெருங்கிய இனம். அதைப் பிடுங்குவதில்லை, கிள்ளிக் கிள்ளி எடுப்பார்கள். நுனி போகப் போகப் பக்கக்கிளை வெடிக்கும், பூப்பது தள்ளிப் போகும். ஆக, பூக்கும் முன்பே எடு, தண்டையே சாப்பிடு, பூக்கவிடாமல் கிள்ளு என்று மூன்று வழிகள்! கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களிலும் இந்த முறை தொடர்கிறது. அதன் கோ 3 கிள்ளி எடுப்பதற்கென்றே வந்த கீரை.

இந்த வகைக் கீரைகளுக்கு வெயில் பயமில்லை. ஆனால் இவை லெட்டூஸுக்கு நேர்மாறாகக் குறுகிய பகலில் சீக்கிரம் பூப்பவை. அதனால் ஐப்பசி முதல் தை வரை விதைத்தால் சீக்கிரமே கதிர் தள்ளும். அந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து நாளுக்கு ஒரு முறை விதைத்து, இளசிலேயே எடுத்துவிடுவது நல்லது. லெட்டூஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கும் அதே மாதங்கள்தான் தோது. உருண்டை கட்டாத ரகமாகப் பார்த்து, மதிய வெயில் படாத இடத்தில் வைத்து, மண் காயாமல் தண்ணீர் விட்டு, வெளி இலைகளை அவ்வப்போது பறித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் வெறும் தோட்டக் குறிப்பா? இல்லை. குன்னூர் ஆய்வுக்கூடத்தில் இருந்த அய்க்ராய்டு 1937-ல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலைப் புத்தகமாக வெளியிட்டார். கீரையின் மதிப்பு எண்களாகப் பதிவானது. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் பார்வை இழப்பதைத் தடுக்க 1970-ல் மத்திய அரசு தனித் திட்டமே தொடங்கியது. அந்தச் சத்தாக உடல் மாற்றிக்கொள்ளும் கரோட்டின் நம் கீரையில் நிறைய இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் வீட்டிலும் கட்டுப்படியாகிற உணவு அது.

இதில் கடைசியாக ஒரு விஷயம். எல்லாச் செடியையும் பூக்கும் முன்பே எடுத்துவிட்டால் விதை ஏது? ஏதாவது ஒன்றைப் பூக்க விட்டே ஆக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் சூட்சுமம். முதலில் பூத்ததைச் சோம்பலில் அப்படியே விட்டு விதை எடுத்தால், வருடா வருடம் சீக்கிரம் பூக்கும் கீரையைத்தான் நாமே உருவாக்குகிறோம். கடைசியாகப் பூக்கும் செடிக்கு ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்து, அதன் கதிரை உலர்த்தி விதை எடுத்தால், இலை அதிக நாள் நிற்கும் பரம்பரை கிடைக்கும். ஐரோப்பியர்கள் லெட்டூஸில் செய்த அதே வேலை! கடையில் பாக்கெட் விதை வாங்கும்போது இந்தத் தேர்வு நம் கையை விட்டுப் போய்விடுகிறது.

ஆகவே நண்பர்களே, கீரை பூப்பது தோல்வி இல்லை. எந்தச் செடியைப் பூக்க விடுகிறோம் என்பதில்தான் அடுத்த வருடக் கீரை இருக்கிறது. உங்கள் ஊரில் முத்திய கீரைக்கு வேறு பெயர் இருந்தால் சொல்லுங்களேன்!